கருங்கல் சுவர் வீட்டுக்கு எந்த சுவிட்ச்?

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் அம்மா இருக்கும் வீடு, பழைய தோட்ட லயத்தோடு ஒட்டிக் கட்டியது. பாதிச் சுவர் கருங்கல். குசினிக்குப் புது சுவிட்ச் வைக்க வந்த வயரிங் பாஸ் உளியை நாலு தடவை தட்டிப் பார்த்தார். "தம்பி, சுண்ணாம்புதான் கொட்டுது, கல்லு அசையல" என்றார். சுவருக்கு மேலேயே பிவிசி குழாய் ஓட்டலாம், கெட்டியான வழிதான். ஆனால் மூன்று அறைக்கும் குழாய் ஓட எனக்கு மனம் வரவில்லை. அதனால் மற்ற வழிகளைத் தேடிப் பார்த்தேன்.

வைஃபை சுவிட்சை முதலிலேயே ஒதுக்கினேன். பெரும்பாலான மாடல்களுக்கு சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். பழைய வயரிங்கில் அது இருக்காது. நியூட்ரல் கேட்காத மாடல்கள் பல்ப் வழியாகவே கொஞ்சம் கரண்ட் இழுப்பதால், சின்ன எல்ஈடி பல்ப் அணைத்த பிறகும் மங்கலாக எரியலாம். அதோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்றரை அடிக் கல்லைத் தாண்டும்போது நன்றாகவே தேய்ந்துவிடும்.

எனக்குப் பிடித்தது பெட்டரி இல்லாத வயர்லெஸ் சுவிட்ச். அமுக்கும்போது உள்ளே ஒரு காந்தம் சுருளுக்குப் பக்கத்தில் நகர்கிறது. அதில் பிறக்கும் துளி மின்சாரமே ரேடியோ செய்தியை அனுப்பப் போதும். 'டக்' என்று கெட்டியாக ஒரு சத்தம், கூரையில் பல்ப் எரிகிறது. சுவிட்சுக்குள் 230 வோல்ட் கிடையாது. கழுவிய ஈரக் கையோடு அம்மா அமுக்கினாலும் எனக்குப் பயமில்லை. அந்தச் செய்தியை வாங்கி பல்பை எரிய வைக்கும் ரிசீவர் மட்டும் பல்புக்குப் பக்கத்தில் லைவ், நியூட்ரல் இரண்டோடும் உட்கார வேண்டும். வாங்கும்போது 433 மெகாஹெர்ட்ஸ் பார்த்து வாங்குங்கள், கல்லைத் தாண்டுவதில் அது மேல். இரட்டைப் பக்க டேப்பை நம்ப வேண்டாம்; சுண்ணாம்புச் சுவரில் மழைக்காலம் வந்தால் உரிந்து விழும், ஆணிதான் சரி. ரிசீவருக்கு ஏப்ரல், ஒக்டோபர் இடி மின்னல் ஆகாது என்பது ஒரு குறை.

இன்னொரு குறை, கரண்ட் போனால் இதுவும் இருட்டுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த இடத்தில் பெட்டரியில் ஓடும் தனி 12 வோல்ட் லைன் ஜெயிக்கிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பெட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் இரண்டு 5 வாட் பல்புகள் நாலு மணித்தியாலம் எரியும். மெல்லிய வயரைச் சுவரோரமாக கிளிப் போட்டு இழுக்கலாம். தூரம்தான் சிக்கல்: 24 வாட் எல்ஈடி ஸ்ட்ரிப்பை 10 மீட்டர் தள்ளி, 1 சதுர மில்லிமீட்டர் வயரில் கொடுத்தால் வழியிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். 5 வாட் பல்புக்கு அந்த இழப்பு தெரியாது.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இம்பல்ஸ் ரிலேயையும் யோசிக்கலாம்; ஒரு தடவை அமுக்கினால் பல்பை ஏற்றி, மறு தடவை அணைக்கும் கருவி அது. மெல்லிய வயரில் பெல் பொத்தான்கள், மாடிப்படிக்கு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். பழைய வீட்டுக்கு அவ்வளவு வேலை தேவையில்லை.

அம்மா வீட்டில் அறைகளுக்கு வயர்லெஸ் போட்டேன். குசினிக்கும் முன் விறாந்தையான இஸ்தோப்புக்கும் கூடுதலாக 12 வோல்ட் பல்ப் ஒவ்வொன்று. பெட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம் வையுங்கள். ஷாக் அடிக்காத 12 வோல்ட்டும் ஷார்ட் ஆனால் வயரைப் பற்ற வைத்துவிடும்.