பர்லாரே: 'ஓ பர்லாத்தோ'வா, 'பர்லாவோ'வா?

இத்தாலிய மொழியில் 'பேசு' என்பதற்கான பர்லாரே ஒழுங்கான வினை. இறந்தகாலத்தில்தான் குழப்பம்: பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவா (முடிந்துபோன செயலுக்கு: ஓ பர்லாத்தோ), இம்பெர்ஃபெத்தோவா (நடந்துகொண்டிருந்த அல்லது பழக்கமான செயலுக்கு: பர்லாவோ)?

வடிவத்தில் இம்பெர்ஃபெத்தோ எளிது. 'ரே'யை நீக்கி நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் விகுதி சேர்த்தால் போதும்: பர்லாவோ, பர்லாவி, பர்லாவா, பர்லவாமோ, பர்லவாத்தே, பர்லாவனோ. கடைசி வடிவமான பர்லாவனோவில் அழுத்தம் 'லா'வில். 'வா'வை இழுத்தால் காதுக்கு உடனே தவறாகப் படும்.

ப்ரோஸ்ஸிமோவுக்குத் துணைவினை வேண்டும்: ஓ பர்லாத்தோ (பேசினேன்), ஆய் பர்லாத்தோ (பேசினாய்); இங்கே 'ஓ', 'ஆய்' துணைவினை. ஆனால் 'வந்து சேர்' என்னும் அர்ரிவாரே 'ஓ' ஏற்காது. ஆண் 'சோனோ அர்ரிவாத்தோ' என்பார், பெண் 'அர்ரிவாத்தா' என்பார்.

பொருளில்தான் நாம் சறுக்குகிறோம். "நேற்று இரண்டு மணி நேரம் பேசினேன்": நீண்ட நேரம் என்பதால் பலர் பர்லாவோ போடுவார்கள். தவறு. கால அளவு சொல்லி முடிந்துவிட்டது, ஆகவே ஓ பர்லாத்தோ. "பேசிக்கொண்டிருந்தபோது லூக்கா வந்தான்" என்றால் பேச்சு பர்லாவோ, வருகை 'ஏ அர்ரிவாத்தோ'.

"சின்ன வயதில் தாத்தாவோடு தினமும் பேசுவேன்" என்று தமிழில் எதிர்கால விகுதியால் பழக்கத்தைச் சொல்கிறோமே, அதுவும் பர்லாவோதான். அங்கே எதிர்காலமான 'பர்லெரோ' வந்தால் இனிமேல் பேசப்போவதாக ஆகிவிடும்.

'அறி' என்னும் சபேரேயில் பொருளே மாறும்: சபேவோ என்றால் முன்பே தெரியும், ஓ சபூத்தோ என்றால் அப்போதுதான் தெரியவந்தது.