சீனியை விட்டவர்கள் முதலில் எதைப் படிப்பது: பட்டியலையா, அட்டவணையையா?

சீனியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. காபியில் போடாமல் குடிப்பது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. சிரமம் மளிகைக் கடையில்தான் தொடங்கியது. ரொட்டியில் சீனி, சூப் பொடியில் சீனி, தக்காளி சாஸில் சொல்லவே வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் நமக்கு உதவ இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்ற பொருள் பட்டியல். மற்றது, சத்து விவரம் எழுதிய எண் அட்டவணை. முதல் நாலு மாதம் பட்டியலை மட்டும் நம்பினேன். இப்போது அட்டவணையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பட்டியலைக் குறைத்துச் சொல்லவில்லை. எடை அதிகமுள்ளது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும். அதனால் முதல் மூன்று பெயருக்குள் சீனி வந்தால் வேண்டாம் என்று வைத்துவிடலாம். ஊறுகாய், மசாலாப் பொடி மாதிரி நாலைந்து பொருள் மட்டும் சேர்ந்தவற்றுக்கு இது போதும்.

அம்மாவுக்குக் காலையில் கொடுக்கலாம் என்று வாங்கிய ஒரு கிரானோலாவில்தான் ஏமாந்தேன். பட்டியலில் முதலில் ஓட்ஸ், பிறகு பாதாம், பூசணி விதை. நான்காவதாகத் தேன், அடுத்து வெல்லம், கொஞ்சம் தள்ளி லிக்விட் குளுக்கோஸ். ‘சுகர்’ என்ற சொல்லே இல்லை. இரண்டு வாரம் கொடுத்த பிறகுதான் அட்டவணையைப் பார்த்தேன்: 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 24 கிராம். கிட்டத்தட்ட கால் பங்கு.

இனிப்பை மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றின் எடையும் குறைந்து, மூன்றுமே பட்டியலில் கீழே இறங்கிவிடும். ஒன்றாகக் கூட்டினால் அதே இனிப்பு இரண்டாவது இடத்துக்கு வந்திருக்கும். பெயர்களும் கொஞ்சமல்ல: டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சன்ட்ரேட். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போக முடியாது. அட்டவணையில் அந்தக் கூட்டலை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அட்டவணையின் பக்கம் மனம் சாய இந்த ஒரு காரணம் போதும்.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள்படி, ‘டோட்டல் சுகர்ஸ்’ (மொத்தச் சர்க்கரை), ‘ஆடட் சுகர்ஸ்’ (தனியாகச் சேர்த்த சர்க்கரை) இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பார்க்க வேண்டியது 100 கிராமுக்கான எண்ணை. ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சாஸ் புட்டியில் ஒரு பரிமாறல் 15 கிராம் என்றிருக்கும். 100 கிராமில் 28 கிராம் இருக்கும் சீனி அங்கே 4 கிராமாகச் சுருங்கித் தெரியும். பக்கத்தில் வரும் சதவீதமும் அப்படித்தான். அது ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற அளவை வைத்துப் போடுவது. உலக சுகாதார நிறுவனம் அதில் பாதியாக, சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறது.

முன்பக்க வாசகங்களையும் இந்த எண்ணை வைத்தே சோதிக்கலாம். ‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘லோ சுகர்’ என்றால் திடப்பொருளில் 5 கிராம், பானத்தில் 2.5 கிராம் வரை. ‘நோ ஆடட் சுகர்’ மட்டும் வேறு விஷயம். ஆரஞ்சுச் சாற்றில் யாரும் சீனி போடாமலே 100 மில்லிக்கு எட்டுப் பத்து கிராம் இருக்கும்.

அட்டவணையிலும் ஓட்டை உண்டு. சாதாரணத் தயிரில்கூட மொத்தச் சர்க்கரை நாலைந்து கிராம் காட்டும். அது பாலின் லாக்டோஸ். அதைப் பார்த்து நான் ஒரு மாதம் தயிரை ஒதுக்கியிருந்தேன், தேவையே இல்லை. பெரிய ஓட்டை மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் ஒரு பொடி. வேதியியல்படி அது சர்க்கரைக் கணக்கில் வராது, கார்போஹைட்ரேட் வரியில்தான் விழும். ஆனால் உடம்பில் வேகமாகக் குளுக்கோஸாக உடைந்துவிடும். சர்க்கரை பூஜ்யம், கார்போஹைட்ரேட் மட்டும் மிக அதிகம் என்றிருந்தால் பட்டியலுக்குப் போய் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்புகளும் பட்டியலில்தான் தெரியும், பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணாகவும் இருக்கும்: 951 என்றால் ஆஸ்பர்டேம், 955 சுக்ரலோஸ், 965 மால்டிடால். இவற்றில் எனக்கு அனுபவம் குறைவு. மால்டிடால் போட்ட சாக்லேட்டை இரண்டு முறை சாப்பிட்டேன், இரண்டு முறையும் வயிறு கலங்கியது. அதோடு விட்டுவிட்டேன். எடை குறைக்க ஆஸ்பர்டேம், சுக்ரலோஸ் போன்ற இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை. அம்மாவுக்கு நீரிழிவு. அவர் விஷயத்தில் டாக்டரைக் கேட்டுத்தான் செய்கிறேன்.

எழுத்து பொடியாக இருப்பதால் கடையிலேயே போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு விவரங்களைத் தடித்த பெரிய எழுத்தில் போடும் யோசனைக்கு 2024 ஜூலையில் ஆணையம் ஒப்புதல் தந்தது. அம்மா கண்ணாடியைத் தேடாமல் தானே படிக்கும் அளவுக்கு அந்த எழுத்து வந்தால், கடைக்கு அவரே போய்விடுவார்.