வழி தவறி வந்த தபால்: யாரிடம் கொடுப்பது?

சென்னையில் 'பு.எண் 14, ப.எண் 31' என்று விலாசம் எழுதும் வழக்கம் இருக்கும்வரை, பிறர் வீட்டுத் தபால் நம் வீட்டுக்கு வருவது நிற்கப்போவதில்லை. அதே தெருவில் புதிய எண் 31 என்று இன்னொரு வீடும் இருக்குமே! அப்படி வந்ததை என்ன செய்வது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம்.

அடுக்ககங்களில் பலரும் செய்வது, படிக்கட்டடியில் உள்ள மின் மீட்டர் பெட்டியின் மேல் செருகிவிடுவது. இதைவிட மோசமான வழி குப்பைத் தொட்டி ஒன்றுதான். அங்கே கை விட்டுப் பாருங்கள்: தூசி படிந்த பிரீமியம் நோட்டீஸ், முகூர்த்தம் முடிந்துபோன கல்யாணப் பத்திரிகை, யாரோ ஒருவரின் வங்கிக் கடிதம். காவலாளியிடம் கொடுப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். ஆள் மாறினால் தபாலும் போயிற்று.

உண்மையான போட்டி, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்கும்தான். அதே தெரு, சாதாரணக் கடிதம் என்றால் நடந்துவிடுங்கள். தபால்காரர் மறுபடி வரும்வரை அது உங்கள் வீட்டில் கிடப்பானேன்? ஆனால் ஏடிஎம் அட்டை, பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு நான் தபால்காரர் பக்கம். கதவைத் திறந்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால், நாளை "கவர் பிரிந்திருந்தது" என்ற பேச்சு நம் தலையில் விழும். ஸ்பீட் போஸ்டில் நம் வீட்டார் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கில் பட்டுவாடா ஆனதாகவே இருக்கும். அன்றைக்கே அஞ்சலகத்தில் சொல்லிவிடுவது நல்லது.

முன்பு குடியிருந்தவருக்கு வருவது வேறு சங்கதி. போன் செய்து "வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள்; அவரும் "இந்த ஞாயிறு வருகிறேன்" என்பார். பிறகு அது ஃப்ரிட்ஜ் மேலேயே குடியிருக்கும். புது விலாசம் தெரிந்தால் பழையதை அடித்துவிட்டு, பின்கோடு எண்ணோடு அதை எழுதித் தபால்காரரிடம் கொடுப்பதே மேல். தெரியாவிட்டால் 'விலாசதாரர் வீடு மாறிவிட்டார்' என்று எழுதினால் போதும். அனுப்புநர் முகவரியில் மட்டும் பேனா படக்கூடாது. அந்த முகவரியும் இல்லாத கடிதம் துப்புத் தேடுவதற்காக அஞ்சல் துறையின் திரும்பிய கடித அலுவலகத்தில் பிரிக்கப்படும்.

தபால்காரரைப் பிடிக்க முடியாதவர்களுக்குச் சிவப்புப் பெட்டி. எதுவும் எழுதாமல் போட்டால் சுற்றிவிட்டு நம் வாசலுக்கே வரலாம். கதவு எண்ணை வட்டமிட்டு 'தவறான பட்டுவாடா' என்று எழுதுங்கள்.

பிரித்துப் பார்ப்பதையும் ஒரு வழியாகச் சொல்பவர்கள் உண்டு. 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டம், பிறர் தபாலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டால் 2 ஆண்டு வரை சிறை என்றது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அதற்காக அடுத்தவர் பொருள் நமதாகிவிடாது.

கூரியர் உறையைச் சிவப்புப் பெட்டியில் போடுவது மட்டும் வீண் வேலை. அஞ்சல் துறைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒட்டுச்சீட்டில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.