‘மெல்ல’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? ஸாஃப்ட்லி, ஜென்ட்லி, டெண்டர்லி: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய (மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த) நாள்களைப் பற்றி அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் 14 பக்கங்கள் எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது. கோலாலம்பூரில் வளர்ந்த அக்காள் மகள்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காகத்தான் இந்த முயற்சி. பினாங்கில் என் மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் தொட்டதுமே ஒரு சொல் வழியை மறித்தது. அம்மாவின் எழுத்தில் எதுவும் ‘மெல்ல’ இல்லாமல் நடப்பதில்லை. மெல்லக் கதவைச் சாத்துவார், மெல்லப் பேசுவார், மெல்லப் பிள்ளையைத் தூக்குவார், மெல்ல மரத்தை வெட்டுவார். ஆங்கிலமோ இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வினையடையைக் கேட்கிறது. அந்தப் போட்டியில் ஜென்ட்லி பக்கமே நான் சாய்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சொற்களை உடனே தள்ளிவிடலாம். ஒன்று ஸ்லோலி. நம் ‘மெதுவாக’ வேகத்தையும் ஒலியையும் சேர்த்தே குறிக்கிறது; மலாயில் ‘பெர்லாஹான்’ என்பதும் அப்படியே. இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுப்பதால், இந்நாட்டில் ‘ரேடியோவை ஸ்லோ பண்ணு’ என்று சொல்லாத வீடு அரிது. ஆங்கிலத்தில் ஸ்லோலி வேகத்தோடு நின்றுவிடும். மற்றது கைண்ட்லி. அதன் பொருள் என்னவோ அன்போடு என்பதுதான். ஆனால் நம் அலுவலகக் கடிதங்களில் கட்டணப் பாக்கியைக் கேட்கும் வரிகளுக்கு முன்னால் நின்று நின்று அது ஓர் உத்தரவின் குரலைப் பெற்றுவிட்டது.

ஸாஃப்ட்லி காதுக்கும் கண்ணுக்கும் உரிய சொல். குரல், காலடி ஓசை, விளக்கொளி, தூறல் இவற்றோடு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் அது அளவைத்தான் சொல்கிறது, உள்ளத்தைச் சொல்வதில்லை. ‘ஸாஃப்ட்லி பேசு, கையில் பெரிய தடியொன்றை வைத்துக்கொள்’ என்ற பழமொழியை 1901ஆம் ஆண்டில், அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். தடியோடு சேர்ந்து நிற்கவும் கூச்சப்படாத சொல் அது. மிரட்டுகிறவனும் ஸாஃப்ட்லி பேசலாம். காது மந்தமான எங்கள் பாட்டியிடம் அம்மா கூரை அதிரப் பேசுவார். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு துளிக் கடுமை இருக்காது. அதை ஸாஃப்ட்லி என்று எழுதினால் பொய், ஜென்ட்லி என்று எழுதினால் உண்மை. (வேடிக்கை என்னவென்றால், நம் இலக்கணக் கண்ணோடு பார்த்தால் ஸாஃப்ட்லி என்ற சொல்லின் ஒலியில் ஒரு மெல்லினம்கூட இல்லை. மற்ற இரண்டிலும் இருக்கிறது.)

டெண்டர்லிதான் என்னை அதிகம் ஏமாற்றியது. இளமையையும் குழைவையும் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது டெண்டர். இளநீரையும் அந்தச் சொல்லால்தான் ஆங்கிலத்தில் அழைக்கிறோம். நம் ஊரில் குத்தகைக்காரர்கள் போடும் டெண்டர் வேறு வேரில் பிறந்தது என்பதால் அதை மறந்துவிடலாம். தொட்டால் வலிக்கும் இடத்தையும் மருத்துவர்கள் டெண்டர் என்பார்கள். ஆகவே டெண்டர்லி என்னும்போது, செய்கிறவரின் மனமே தொட்டால் வலிக்கும் நிலையில் இருப்பதாக ஒரு சாயல் கூடவே வந்துவிடுகிறது. தமிழில் ‘வாஞ்சையோடு’ அதற்கு நெருக்கம். வாஞ்சைக்கு எதிரே ஓர் உயிர் வேண்டும். குழந்தை, நோயாளி, பிரிந்து வந்தவர் என்று யாராவது. இதை உணராமல், அம்மா மரத்தை டெண்டர்லி வெட்டினார் என்று எழுதி, முதல் படியை அக்காளின் மூத்த மகளுக்கு அனுப்பிவிட்டேன். ‘மாமா, பாட்டி மரத்தைக் கொஞ்சினாங்களா?’ என்று அவள் கேட்ட பிறகுதான் எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் முடிவு அமைந்தது என்பதால் அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். ‘பட்டைக்கு நோகாம மெல்ல வெட்டணும்’ என்பது அம்மாவின் வரி. விடியலுக்கு முன்பே நிரையில், அதாவது மர வரிசையில், இறங்கி, மரப்பட்டையிலிருந்து ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய கனத்தில் சீவலை எடுக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போய்ப் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிற்பாடு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாமல் போகும். மேலோட்டமாகச் சீவினாலோ மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், பால் சேராது. இங்கே மென்மை என்பது பலம் குறைவதன்று. கையில் கூரிய கத்தி, தோளில் பழகிய வலு, இவ்வளவும் இருந்தும் நோகடிக்காமல் நிறுத்தும் அடக்கம்.

ஜென்ட்லி சொல்வது சரியாக இதைத்தான். அதன் வேர் குலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். பிரெஞ்சில் உயர்குடிப் பிறப்பைக் குறித்து, ஆங்கிலத்தில் படிப்படியாகப் பண்புக்கும் சாந்தத்துக்கும் நகர்ந்து வந்தது. ஜென்டில்மேன் அதன் உடன்பிறப்பு. அடிக்க முடிந்தவர் அடிக்காமல் இருக்கிறார் என்ற பழைய நினைவு அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. மருந்துப் புட்டியை ஜென்ட்லி குலுக்கச் சொல்வதும், குழம்பை ஜென்ட்லி கொதிக்க விடச் சொல்வதும், கெட்ட செய்தியை ஜென்ட்லி சொல்வதும் இந்தக் கணக்கில் அடங்குகின்றன: எங்கே மிஞ்சினால் சேதம் நேருமோ, அங்கே இந்தச் சொல் வந்து நிற்கிறது. அதனால் ‘மெல்ல’ வருமிடமெல்லாம் ‘நோகாமல்’ என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். பொருள் கெடாமல் நின்ற இடங்களில் ஜென்ட்லி போட்டேன். ‘சத்தமில்லாமல்’ என்று மாற்ற முடிந்தால் ஸாஃப்ட்லி. கதவு இரண்டுக்கும் இடம் கொடுத்தது. தூங்கும் பிள்ளையை எண்ணிச் சாத்தினாரா, துருப்பிடித்த கீலை எண்ணிச் சாத்தினாரா என்று முன்வரியைப் பார்த்து முடிவு செய்தேன்.

ஜென்ட்லியிலும் குறை உண்டு. சோப்பு, ஷாம்பு விளம்பரங்கள் அதை நிறையவே நீர்த்துப்போகச் செய்துவிட்டன. ஒரே பக்கத்தில் மூன்று முறை வந்தால் அந்த வாசனை வந்துவிடுகிறது. வினைக்கு முன்னால் வைத்தால் கண்ணில் படாமல் நழுவுகிறது, வாக்கியக் கடைசியில் வைத்தால் அழுத்தம் பெறுகிறது என்பதும் என் அனுபவம். மரம் வெட்டும் வரியில் கடைசியில்தான் வைத்தேன். கவிதையை நான் பெயர்த்ததில்லை என்பதால், அங்கே டெண்டர்லிக்கு எதிராக என் தீர்ப்பை யாரும் சாட்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல இடங்களில் மூன்றுமே தேவைப்படவில்லை. தமிழில் ‘மெல்லக் கிசுகிசுத்தாள்’ என்றால் உறுத்தாது. ஆங்கிலத்தில் கிசுகிசுப்புக்கான வினையிலேயே மென்மை அடங்கிவிடுவதால் மேலே ஒட்டும் வினையடை தொங்கிக்கொண்டு நிற்கிறது. அப்படிப்பட்டவற்றை நீக்கினேன். டெண்டர்லி ஒரே ஓர் இடத்தில் தங்கியது: படுத்த படுக்கையான பாட்டியின் தலையை அம்மா வாரிவிடும் வரியில்.

‘அவர் மெல்லச் சிரித்தார்’ என்று அப்பாவைப் பற்றி அம்மா எழுதியிருந்த இடத்தில் மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஸாஃப்ட்லி போட்டால் ஒலி குறைந்தது, ஜென்ட்லி போட்டால் அப்பா யாருக்கோ ஆறுதல் சொல்வதுபோல் ஆனது, டெண்டர்லி போட்டால் அம்மா எழுதாத ஒன்றை நான் எழுதியதுபோல் இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டு, சிரித்தார் என்று மட்டும் விட்டிருக்கிறேன்.