இரண்டு சவுண்ட் கார்டா, ஒரே பெரிய கார்டா?

ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்டு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள்தான். மதர்போர்டில் ஒரு ரியல்டெக் சிப், எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு ஒலி அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி கார்டு, வெப்கேமின் மைக். விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தால் நாலைந்து பெயர்கள் வரிசையாக நிற்கும். இவற்றை எப்படி வேலை வாங்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு வேலை கொடுத்தால் இரண்டு கார்டு சுகம். ஒரே வேலையை இரண்டுக்கும் பங்கு போட்டால் தலைவலி.

ஆளுக்கொரு வேலை

பாட்டு ஸ்பீக்கரில், மீட்டிங் ஹெட்செட்டில். பெரும்பாலானோருக்கு வேண்டியது இவ்வளவுதான். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே வழக்கமான ஒலிக்கு ஒரு கார்டு, அழைப்புகளுக்கு ஒரு கார்டு என்று பிரித்து வைக்க முடிகிறது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல், எந்தச் செயலியின் ஒலி எந்தக் கார்டுக்குப் போக வேண்டும் என்பதையும் செட்டிங்ஸிலேயே தீர்மானிக்கலாம். லினக்ஸில் பாவுகன்ட்ரோல் என்ற சின்னப் பலகையில் இதே வேலை இரண்டு கிளிக்கில் முடியும். மேக் இதில் கொஞ்சம் கஞ்சம்: எச்சரிக்கை ஒலிகளை மட்டும் தனிக் கார்டுக்குத் திருப்பலாம், மற்றபடி அந்தந்தச் செயலியே வசதி தந்தால்தான் உண்டு.

இந்த வழியின் பெரிய லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அதன் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தால், ஒலி சட்டென்று டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸ், சற்றே புதியதில் 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகம் (ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்ற கணக்கு), அதுவும் மோனோவில். மைக் வேலையை வெப்கேமுக்கோ மதர்போர்டில் செருகிய மைக்குக்கோ கொடுத்துவிட்டால், ஹெட்செட் முழுத் தரத்திலேயே பாடும். செலவே இல்லாத மேம்பாடு.

தொல்லையும் உண்டு. புதிதாக ஒன்றைச் செருகினாலோ, தூங்கிய மானிட்டர் விழித்துக்கொண்டாலோ, விண்டோஸ் ஒலியை அங்கே தூக்கிக்கொண்டு போய்விடும். தேவையில்லாதவற்றைப் பட்டியலில் முடக்கி வைப்பதே மருந்து. லினக்ஸில் கார்டு எண்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். அதனால் அமைப்புக் கோப்பில் எண்ணை எழுதாமல் கார்டின் பெயரை எழுதுங்கள்.

இரண்டையும் ஒட்டி ஒன்றாக்குவது

இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி இன்டர்பேஸ், அதாவது வெளியே வைக்கும் சவுண்ட் கார்டு, ஒன்று இருக்கிறது, இன்னொன்றையும் வாங்கினால் நாலு மைக் ஆகிவிடும் என்ற கணக்கு. காகிதத்தில் சரி.

மேக்கில் 2005-இல் வந்த டைகர் பதிப்பிலிருந்தே ஆடியோ மிடி செட்டப்பில் அக்ரிகேட் டிவைஸ் என்று ஒன்றை உருவாக்கலாம். செயலிகளுக்கு இரண்டும் ஒரே கார்டாகத் தெரியும். விண்டோஸில் பெரும்பாலான ரெக்கார்டிங் மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவரைத்தான் (தாமதம் குறைவாகப் பதிவதற்கான டிரைவர் வகை) ஏற்கும். ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரை வைத்துச் சேர்க்கலாம், ஆனால் அங்கேதான் டிக், டிக் என்று ஒலி உடையத் தொடங்கும்.

காரணம் கடிகாரம். ஒவ்வொரு கார்டும் தனக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வைத்து நொடிக்கு 48,000 மாதிரிகளை, அதாவது ஒலியின் அளவீடுகளை (சாம்பிள்), எண்ணுகிறது. இரண்டு படிகங்கள் அச்சாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.4 மாதிரி, ஒரு மணி நேரத்தில் 8,640 மாதிரி, அதாவது 0.18 நொடி. பதிவின் தொடக்கத்தில் தட்டிய கை இரண்டு டிராக்கிலும் ஒன்றாக ஒலிக்கும். மணி நேரம் கழித்துத் தட்டினால் ‘டப்-டப்’ என்று இரண்டாகக் கேட்கும். அதற்கு வெகு முன்பே ஒரே டிரம்மைப் பிடித்த இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று தின்று, ஒலி சப்பென்று ஆகியிருக்கும்.

மேக்கில் டிரிஃப்ட் கரெக்‌ஷன் என்ற குறியிடும் பெட்டி இதற்காகத்தான். நல்ல கார்டைக் கடிகார மூலமாக வைத்து, மற்றதற்கு மட்டும் குறியிட வேண்டும். அதன் ஒலி ஓடும்போதே, மூலக் கடிகாரத்தின் வேகத்துக்குப் பொருந்தும்படி அதன் மாதிரிகள் மாற்றிக் கணக்கிடப்படும். காதுக்குத் தெரியாத அளவுக்கு நன்றாகவே செய்கிறது. உண்மையான தீர்வு, ஒரு கார்டின் கடிகாரத்தை எஸ்பிடிஃப் (டிஜிட்டல் ஒலி கேபிள்) அல்லது வேர்ட் கிளாக் (கடிகாரத் துடிப்பை மட்டும் கடத்தும்) கேபிள் வழியாக மற்றதற்கு ஊட்டுவது. ஆனால் வீட்டில் நாம் வாங்கும் சின்ன இன்டர்பேஸ்களில் பெரும்பாலும் அந்தத் துளையே இருக்காது.

மென்பொருள் மிக்ஸர்

கேம் ஒலி, மைக், பின்னணி இசை மூன்றையும் கலந்து நேரலைக்கும், தன் காதுக்கு வேறு அளவிலும் அனுப்ப வேண்டியவர்களுக்கு இதுதான் வழி. விண்டோஸில் வாய்ஸ்மீட்டர். அதில் ஏ1 என்ற இடத்தில் வைக்கும் கார்டுதான் எல்லாவற்றுக்கும் தாளம் போடும். அங்கே புளூடூத்தை வைக்காதீர்கள். தாமதம் கூடும், ஏதாவது கேட்கவில்லை என்றால் தேட வேண்டிய இடமும் கூடும். லினக்ஸ்காரர்கள் இதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு ஒலிக்கு இயல்பாக ஏற்றுக்கொண்ட பைப்வயர் என்ற ஒலி மென்பொருளே, வெவ்வேறு கார்டுகளின் வேகத்தைச் சரிக்கட்டிக் கலந்து கொடுத்துவிடும். இந்த விஷயத்தில் லினக்ஸ் முந்திவிட்டது என்பது என் எண்ணம்.

ஒரே பெரிய கார்டு

எட்டு உள்ளீடு, ஒரே படிகம், ஒரே டிரைவர். பேசுவதற்கு அதிகம் இல்லை, அதுதான் இதன் பெருமை. பிற்பாடு பெருக்க வேண்டுமானால் ஏடாட் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: ஒரே ஒளியிழைக் கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுச் சேனல் வரும், 96-இல் நாலாகக் குறையும். கடிகாரமும் அதே கேபிளில் வந்துவிடுவதால் டப்-டப் பிரச்சினை இல்லை. விலையும் மேசையில் பிடிக்கும் இடமும்தான் குறை. அது பழுதானால் வீடே ஊமையாகும் என்பதால் மதர்போர்டின் ஒலியை பயாஸில் அணைத்துவிட வேண்டாம்.

பேசுவதற்கும் கேட்பதற்கும் என்றால் இருக்கும் கார்டுகளையே பிரித்து வையுங்கள், நேரலைக்கு மிக்ஸர். நாலு மைக்கில் அடிக்கடி பதிபவர் இரண்டாவது சின்ன இன்டர்பேஸ் வாங்கும் பணத்தைப் பெரிய கார்டுக்குச் சேர்த்து வைப்பது நல்லது. எப்போதாவது ஒரு முறைதான், கையில் இருப்பது இரண்டு சின்னவை, மேக்கும் இல்லை என்றால், இரண்டு கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். முதல் தட்டலை ஒட்டி வைத்து, கடைசித் தட்டல் பொருந்தும்வரை இரண்டாவது பதிவை இழுத்தால் போதும்.