ஃபிளாமில் ஒரு பகல்: ரயிலில் ஏறுவதா, கப்பலிலேயே இருப்பதா?

லண்டனிலிருக்கும் மகள் நோர்வே கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னபோது, என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "மலையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்பதுதான். இலங்கை மலையகத்து ஹட்டனில் பிறந்து, ஜன்னலைத் திறந்தால் மலை என்று அறுபது வருடம் வாழ்ந்தவள் வேறென்ன கேட்பாள்? அந்தக் கேள்விக்குப் பதில் ஃபிளாம் என்ற சிறு துறைமுகத்தில் கிடைத்தது. அன்று அவள் முழங்கால் வலியோடு கப்பலில் தங்கினாள். நான் கரையிறங்கி ரயிலேறினேன். இப்போது பிள்ளைகளின் அழைப்பில் இதே பயணத்துக்குப் புறப்படும் தம்பதிகள் எங்களிடம் கேட்பதும் இதைத்தான்: அந்த ஒரு பகலை எங்கே செலவிடுவது?

முதலில் ரயில். கப்பல் கட்டுமிடத்திலிருந்து நிலையம் சில நிமிட நடைதான். கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, சுமார் 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டால் நிலையத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடைகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் 18 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நமது பதுளைப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடி என்பதே மிகக் கடினமான ஏற்றம். வழியில் 20 சுரங்கங்கள். அவற்றில் ஒன்றுக்குள் ரயில் அப்படியே எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. தெமோதரையில் ரயில் குன்றைச் சுற்றி வந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை உடனே புரியும். அங்கே வளைவு கண்ணுக்குத் தெரியும், இங்கே பாறைக்குள் மறைந்திருக்கிறது.

ஆனால் ஹட்டனிலிருந்து பதுளைவரை பெட்டியின் வாசலில் நின்று பயணித்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. ஒரு காட்சி விரியத் தொடங்கும்போதே அடுத்த சுரங்கம் வந்துவிடுகிறது. பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேலே மூடுபனி பெட்டிக்குள் வந்து முகத்தைத் தொடுமே, கொட்டகலையில் தேயிலை வாசனை வருமே, அப்படி எதுவும் இல்லை. வடைக்காரர் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு ஏறும் பிள்ளைகள் இல்லை. என் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப்போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. ஷோஸ்ஃபொஸென் அருவியில் ரயில் சில நிமிடம் நிற்கிறது. தலவாக்கலைக்கு அருகே சென் கிளேயர் அருவியை நாம் பள்ளத்தாக்கின் மறுபுறத்திலிருந்து பார்ப்போம். இங்கே அருவி மேடைக்கு எதிரிலேயே விழுகிறது, சட்டை நனைகிறது. கோடைக் காலத்தில் பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் பாட்டுக்கு ஆடுகிறாள். காட்டில் ஆண்களை மயக்கி அழைக்கும் 'ஹுல்ட்ரா' அவள். நம் மோகினிக் கதைதான்.

என்னை உண்மையில் நிறுத்தி வைத்தது ரயில் அல்ல, ஃபிளாம் நிலையத்தருகே கட்டணமில்லாமல் பார்க்கக்கூடிய சிறிய அருங்காட்சியகம். அந்த 20 சுரங்கங்களில் 18ஐ மனிதர்கள் கையால் குடைந்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் குடைய ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. அவர்களின் கருவிகளும் படங்களும் அங்கே இருக்கின்றன. வேலை தொடங்கியது 1924இல். பதுளைக்கு நம் ரயில் போய்ச் சேர்ந்ததும் அதே வருடம். 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த அந்தப் பாதையில், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் மண் சுமந்தார்கள், பாறை உடைத்தார்கள். என் பாட்டனாரின் தகப்பனார் தண்டவாள வேலைக்கு வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. ஹட்டன் சிங்கமலைச் சுரங்கத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அதைக் குடைந்த ஒருவரின் முகத்தையும் பார்த்ததில்லை. அந்தப் படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இனிக் கப்பல். கரையிறங்கும் கூட்டம் போன பிறகு மேல்தளம் காலியாகிவிடும் என்பதை என் மனைவி அன்று கண்டுகொண்டாள். விரும்பிய நாற்காலி, வரிசையில்லாத சாப்பாட்டு மண்டபம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினொரு நீர்வீழ்ச்சிகளை எண்ணியிருக்கிறாள். வெயில் ஒரு மலையிலிருந்து இறங்கி அடுத்த மலையில் ஏறுவதைப் பார்த்திருக்கிறாள். எட்டாத சரிவில் ஒற்றையாக நின்ற பண்ணை வீட்டைக் காட்டி, "அந்த வீட்டுப் பெண் அரிசி மூட்டையை எப்படி மேலே கொண்டு போயிருப்பாள்?" என்று மாலையில் கேட்டாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான மேட்டு லயத்துக்குத் தண்ணீர் சுமந்தவளின் கேள்வி அது.

குறை தேநீர் ஒன்றுதான். கொதிக்காத நீரில் நூல் கட்டிய பையைப் போட்டுத் தருகிறார்கள். ஒரு பொதி தேயிலைத் தூளும் ஒரு ஃபிளாஸ்க்கும் எடுத்துப் போங்கள். நல்ல பிளேன்டி இல்லாமல் ஏழு நாள் நீளம்.

இரண்டையும் விடப் பெரியது, அன்று விடியற்காலை நாங்கள் சேர்ந்து பார்த்தது. சொக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நீளும் கடல். அதிலிருந்து பிரியும் ஆர்லண்ட் கிளையின் முனையில் ஃபிளாம். கப்பல் மணிக்கணக்காக மலைகளுக்கு நடுவே ஊர்கிறது. சொக்னேயின் மிக ஆழமான இடம் 1,300 மீட்டர். ஹட்டனின் உயரம் அதைவிடச் சற்றுக் குறைவு. நம் ஊர் முழுவதும் மூழ்கிவிடும் தண்ணீர் மேல் மிதக்கிறோம் என்று சொன்னதும் அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மலை நமக்குப் பழகியது. மலையின் காலடியில் கடல் வந்து நிற்பதைத்தான் நாம் பார்த்ததில்லை.

ஆகவே மலையகத்தார் என்னைக் கேட்டால் கப்பல் என்பேன். விடியுமுன் தளத்துக்குப் போங்கள், பகலில் ஒரு மணி நேரம் இறங்கி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கடையில் ஆட்டுப்பால் பழுப்புச் சீஸ் கிடைத்தால் ருசியுங்கள். பால் டொபி நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போகிறவர்களுக்கு என் பதில் வேறு. மலையேற்றமே புதுமையென்றால் ரயிலை விடவே கூடாது.

ரயில்தான் என்று முடிவானால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். நேரடியாக எடுத்தால் செலவு குறையும். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போனால், அது தாமதித்தாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனால் காத்திருக்காது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பிரித்தானிய விசா மட்டும் போதாது, நோர்வே உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் வேண்டும்.

மாலையில் கப்பல் திரும்பியபோது இருவரும் பின்தளத்தில் நின்றோம். நான் பார்க்கத் தவறிய பண்ணை வீட்டை அவள் விரல் நீட்டிக் காட்டினாள். அந்தச் சுரங்கக்காரர்களின் படங்களைப் பற்றி நான் சொல்லி முடிக்குமுன் ஃபிளாம் வளைவுக்குப் பின்னால் மறைந்திருந்தது.