அக்கா படிக்க, தம்பி கேட்க: பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தை வாங்கலாம்?

புத்தகத் திருவிழா நெருங்கினாலே எனக்குப் போன் வந்துவிடும். "அக்கா, பிள்ளைங்களுக்கு என்ன புக் வாங்கலாம்?" தருமபுரியில் நடக்கும்போது பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் கேட்பார்கள், ஓசூரில் நடக்கும்போது தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். போனில் இரண்டு பெயர் சொல்லி வைத்துவிடுவேன். ஆனால் அது போதாது. ஒரு பிள்ளைக்குப் பொருந்துவது இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாது, ஒன்றை வாங்கினால் எதை விடுகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். அதனால் இந்த முறை எல்லாவற்றையும் எதிரெதிரே வைத்து எழுதிவிடுகிறேன்.

நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடிப் படிக்கிறார்கள். அதில் பாதிப் பேரின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டியோடு இருக்கிறார்கள். பாட்டிக்குக் கதை நிறையத் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் இரண்டாவது படிக்கிற தம்பிக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவது ஐந்தாவது படிக்கிற அக்காதான். படுக்க வைத்து அம்மா கதை வாசிக்கிற வீட்டை மனதில் வைத்துச் செய்யப்படும் பரிந்துரைகள் எங்கள் ஊரில் செல்லாமல் போவது இந்த இடத்தில்தான். பத்து வயதுப் பிள்ளை தடுக்காமல் உரக்கப் படிக்க முடிகிறதா, கேட்கிற பிள்ளை எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கிறதா? நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

சின்னப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். எட்டு வயதுக்குள் என்றால் படப் புத்தகம்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், நல்ல தாளில் அச்சான இருமொழிப் புத்தகமா, விலை குறைந்த ஒருமொழிப் புத்தகமா, இல்லை இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்வதா என்பதில்தான். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்களைக் கொண்டுவருகிறது. படங்கள் அருமை, அதில் மறுபேச்சே இல்லை. நம்ம ஊர் மண், நம்ம ஊர் நிறம், முகங்களும் நம்ம முகங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தமிழ் வரவில்லையே என்று கவலைப்படும் வீடுகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். பிள்ளை ஆங்கில வரியைப் பிடித்துக்கொண்டு தமிழ் வரிக்கு வந்து சேரும். ஆனால் ஒரு புத்தகம் இருநூறு ரூபாயைத் தொடும். திண்ணைக்கு ஐந்து வாங்கினால் ஆயிரம் போய்விட்டது, அப்புறம் பெரிய பிள்ளைகளுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பிரதம் புக்ஸ் அச்சிடும் மெல்லிய புத்தகங்கள் அதைவிட மிகவும் விலை குறைவு. 2004-இல் தொடங்கிய அமைப்பு இது. அட்டை மெலிதுதான், இரண்டு மாதத்தில் முனை மடங்கிவிடும். ஆனால் ஒரு இருமொழிப் புத்தகத்தின் விலைக்கு இதில் குறைந்தது மூன்று வரும். கிழியும் என்ற பயம் இல்லாமல் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போக விடலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. விலை கூடின புத்தகத்தை நானே பல தடவை "பார்த்து, பார்த்து" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் தொடவே தயங்குகிற பொருளாக்கிவிட்டிருக்கிறேன்.

அதே பிரதம் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம், நாமே வேறு மொழிக்கு மாற்றிப் போடலாம், எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. கதைகள் பிள்ளையின் படிக்கும் திறனுக்கு ஏற்ப நிலை 1 முதல் நிலை 4 வரை பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இலவசம் என்றதும் இதுதான் சிறந்தது என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் கலர் பக்கம் பத்து ரூபாய், பதினாறு பக்கக் கதைக்கு நூற்று அறுபது. அச்சிட்ட புத்தகமே அதைவிட மலிவு! கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவு குறையும், ஆனால் படத்தில் பாதி உயிர் போய்விடும். செல்போனில் காட்டலாமே என்பார்கள். போன் கைக்கு வந்தால் கதை முடிவதற்குள் விரல் வேறு எங்கோ போய்விடுகிறது, இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் பதில் நேர் எதிர். அங்கே வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், சில தெருக்களில் உருது, பள்ளியில் தமிழ். ஒரே கதையைத் தமிழிலும் வீட்டு மொழியிலும் ஸ்டோரிவீவரில் தேடி எடுக்கலாம். பிள்ளை முதலில் கதையைத் தன் பாட்டியின் மொழியில் கேட்டுவிட்டுப் பிறகு தமிழில் படித்தால், தெரியாத சொல் வரும்போது பயப்படுவதில்லை, கதை எங்கே போகிறது என்று ஏற்கெனவே தெரியுமே. என் சித்தி மகள் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வீடுகளில் நூற்று அறுபது ரூபாய்க்குக் கலர் ஜெராக்ஸ் எடுத்தாலும் அது வீண் செலவு இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் வாங்குவதற்கு முன் பள்ளியில் விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. சின்னச் சின்னப் புத்தகங்கள், ஒரே மூச்சில் முடிகிறவை. 'நட'வில் தடுமாறுகிற பிள்ளையிடம் 'பற'வைக் கொடுத்துவிட்டுப் படிக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

இனி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த வயது, ஏனென்றால் அக்காக்கள் எல்லாம் இந்த வயதுதான். இங்கே போட்டி மொழிபெயர்ப்புக்கும் தமிழிலேயே எழுதப்பட்ட கதைக்கும் இடையில். பழைய ரஷ்யக் கதைகளைப் படித்து வளர்ந்த அப்பாக்கள் திருவிழாவில் அந்த மறுபதிப்புகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்தப் பிரியம் எனக்குப் புரிகிறது, நானும் அவற்றை நேசித்தவள்தான். ஆனால் என் திண்ணையில் நடப்பது வேறு. உரக்கப் படிக்கிற பிள்ளை நீளமான ரஷ்யப் பெயரில் ஒரு தடவை தடுக்கும், இரண்டாம் தடவை அந்தப் பெயரை விழுங்கும், மூன்றாம் தடவை புத்தகத்தை மூடும். மனசுக்குள் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது. மலையாளத்திலிருந்து வருகிற மொழிபெயர்ப்புகளில் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் இருப்பதில்லை, பெயரும் சாப்பாடும் மழையும் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி இருக்கும். மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

தமிழிலேயே எழுதப்பட்ட கதைகளில் கடந்த சில வருடங்களாக நல்ல அறுவடை. சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' நாவலுக்கும், 2024-இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' கதைத் தொகுப்புக்கும், 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்கும் கிடைத்தது. விருது வாங்கியது என்பதற்காக மட்டும் வாங்கவேண்டாம். நாவலா, தொகுப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கூடிப் படிக்கிற இடத்தில் தொகுப்புதான் கைகொடுக்கும். போன வாரம் வராத பிள்ளையும் இந்த வாரக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுப் போகலாம். வீட்டில் தினமும் பத்து நிமிஷம் படிக்கிற அக்கா தம்பிக்கு நாவல்தான் சரி, அடுத்து என்ன ஆகும் என்று தம்பியே மறுநாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்.

'ஆதனின் பொம்மை' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். கீழடியை வைத்து எழுதப்பட்ட சிறார் நாவல். ஆதன் என்ற பெயரே அங்கே கிடைத்த பானை ஓட்டில் எழுதியிருந்த பெயர். இதைப் படித்தபோது எங்கள் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையா அக்கா?" இல்லாமல் என்ன! கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்பு 4,200 வருடம் பழையது என்று 2022-இல் அறிவித்தார்கள். அதே மாவட்டத்து மல்லசந்திரத்தில் மலைமேல் கற்திட்டைகள், அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக் கல்லால் கட்டியவை, வரிசையாக நிற்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் வயல் ஓரத்திலேயே நடுகல் நிற்கும், அதன்மேல் துணி காயப்போட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் வைத்து ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு நாவல் எழுதினால் எப்படி இருக்கும்? அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் பாடப் புத்தகத்தில் வந்துவிட்டார்கள், அதைத் தாண்டி நம்ம ஊர்ப் பிள்ளை நம்ம ஊர் மலையில் ஏறுகிற கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது வரும்வரை கீழடிக் கதையைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை ஒரு நடுகல்லுக்குக் கூட்டிப் போங்கள். நாங்கள் போனோம். கல்லில் வீரனின் கையில் இருப்பது வில்லா வாளா என்று அரைமணி நேரம் சண்டை.

பதிமூன்றுக்கு மேல் வரும்போதுதான் சிக்கல். இந்த வயதுக்கென்று தமிழில் வருவது குறைவு என்பதால், வீட்டில் பெரியவர்கள் நேரே 'பொன்னியின் செல்வ'னைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து பாகம். கல்கி வார இதழில் 1950-களில் பெரியவர்கள் வாராவாரம் காத்திருந்து படித்த தொடர்கதை அது. ஏற்கெனவே படிக்கிற பழக்கம் ஊறின பிள்ளை அதைக் கரைத்துக் குடித்துவிடும், சந்தேகமே இல்லை. பழக்கம் இல்லாத பிள்ளை முதல் பாகத்தில் அம்பது பக்கம் போய், முடிக்கவில்லையே என்ற குற்ற உணர்வோடு நின்றுவிடும், அப்புறம் எந்தப் புத்தகத்தையும் தொடாது. அப்படி நின்றுபோன நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேரைத் திரும்பக் கொண்டுவந்தது காமிக்ஸ். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் தொடங்கின, இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பியக் கதைகள்தான், ஆனால் தமிழில் வசனம் துள்ளும். கெட்டி அட்டையில் வருகிற இதழ்களின் விலை சாதாரண வீட்டுக்கு அதிகம், அதனால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடும் என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, புத்தகத்தையே தொடாத பையன் எழுத்துக் கூட்டாமல் படிக்கப் பழகியது அதில்தான்.

பெண் பிள்ளைகளுக்கு நான் வேறொன்றை முன்னால் வைப்பேன். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசுகிற மரப்பாச்சி பொம்மை வழியாக, பிள்ளைகள்மேல் நடக்கும் பாலியல் அத்துமீறலைப் பற்றிப் பேசுகிற கதை. பத்து வயதிலிருந்தே கொடுக்கலாம், ஆனால் அம்மாவோ அக்காவோ முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது, பிள்ளை கேள்வியோடு வரும்போது முழிக்கக்கூடாது. இதே விஷயத்தை அறிவுரையாகச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களும் வருகின்றன. இரண்டையும் கொடுத்துப் பார்த்தேன். துண்டுப் பிரசுரம் பையில் மடிந்து கிடந்தது. கதையைப் படித்த ஒரு பெண் இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், பிறகு தோழியோடு வந்து நின்றாள். பத்தாவது முடிந்ததும் கல்யாணப் பேச்சு எழுகிற வீடுகள் இன்னும் நம் பக்கம் இருக்கின்றன, அந்த வீட்டுப் பெண்களுக்கு, வாயைத் திறந்து சொல்லலாம் என்று காட்டுகிற ஒரு கதை எவ்வளவு அவசியம் என்று நான் அன்றைக்கு உணர்ந்தேன்.

அறிவியல் என்றால் பளபளப்பான கலைக்களஞ்சியம் வாங்கவேண்டாம். பரிசாகக் கொடுப்பதற்கு அழகாக இருக்கும், அலமாரியை விட்டு இறங்காது. அந்தப் பணத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். மாதாமாதம் தபாலில் தன் பெயருக்கு ஒன்று வருகிறது என்பதே பிள்ளைக்குத் திருவிழா.

கடையில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் படிக்கிற அக்கா, கேட்கிற தம்பி இரண்டு பேரையும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், எந்த அரங்கிலும் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். அக்கா சரளமாகப் படிக்கிறாள், ஆனால் தம்பி பக்கத்துக் கடை பஜ்ஜியைப் பார்க்கிறான் என்றால் அடுத்த புத்தகத்தை எடுங்கள். பில் போடும்போது பத்து சதவீதக் கழிவைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், அதில் இன்னொரு மெல்லிய புத்தகம் வந்துவிடும்.